1.1 இருக்கட்டும், பீம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்: புரோட்டான் பிளானிங்கில் ஆர்.பி.இ.

கட்டிக்குப் புரோட்டான் கதிர்க்கற்றை (பீம்) விடும் சிகிச்சைத் திட்டத்தில், அதாவது பிளானில், 54 கிரே (கதிர் டோஸின் அலகு) என்று எழுதியிருந்தால், திசுவில் உண்மையில் படிகிற டோஸ் 49.1 கிரேதான். மீதி ஐந்து கிரே சொச்சம் ஒரு பெருக்கலில் வருகிறது. எக்ஸ் கதிரைவிடப் புரோட்டானுக்கு 10 சதவீதம் வீரியம் அதிகம் என்று வைத்துக்கொண்டு, இயற்பியல் டோஸை 1.1-ஆல் பெருக்கி எழுதுகிறோம். இந்த 1.1-க்குப் பெயர் ஆர்.பி.இ., அதாவது ஒப்பு உயிரியல் திறன். நெற்றியில் நுழையும் இடத்திலும் 1.1, கட்டியின் நடுவிலும் 1.1, பீம் நின்றுபோகும் கடைசி மில்லிமீட்டரிலும் அதே 1.1. அந்தக் கடைசி மில்லிமீட்டரில்தான் வம்பு.

இந்த எண் வானத்திலிருந்து குதித்ததல்ல. ஆரம்பகாலப் புரோட்டான் மையங்களில், பெரும்பாலும் 1970-களில், எலிகளிலும் வளர்ப்புச் செல்களிலும் செய்த சோதனைகளின் சராசரி இது. அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை விரிந்த பிராக் உச்சியின் (கட்டியின் ஆழம் முழுக்கச் சமமாக விரித்த உயர் டோஸ் பகுதியின்) நடுப்பகுதியில், ஒரு தடவைக்குக் கணிசமான டோஸ் கொடுத்துச் செய்தவை. கதிர் அளவீட்டு அலகுகளுக்கான பன்னாட்டு ஆணையமான ஐ.சி.ஆர்.யூ.-வின் 2007-இல் வந்த 78-ஆம் அறிக்கை, எல்லாத் திசுவுக்கும் 1.1 என்பதையே பரிந்துரைத்தது. நடுப்பகுதிக்கு அது இன்றும் ஏறக்குறையச் சரிதான். பல பத்தாண்டுகளின் சிகிச்சை அனுபவம் முழுவதும் அந்த அளவுகோலில்தான் பதிவாகியிருக்கிறது. நாளைக்கே யாராவது 1.1-ஐத் தூக்கிவிட்டால், கட்டிக்கு எத்தனை கிரே கொடுத்தால் அடங்கும் என்று நமக்குத் தெரிந்ததெல்லாம் குழம்பிப்போகும்.

மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஹரால்ட் பகனெட்டி 2014-இல் செல் சோதனைத் தரவுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தார். ஒரு தடவைக்கு 2 கிரே என்ற கணக்கில் நுழைவுப் பகுதியில் சுமார் 1.1, நடுவில் 1.15, கடைசி விளிம்பில் 1.35, விளிம்பைத் தாண்டி டோஸ் சரியும் பகுதியில் 1.7 என்று வந்தது. எல்லாம் சராசரிதான். ஒவ்வொரு செல் வகையையும் தனியாகப் பார்த்தால் புள்ளிகள் நாலா பக்கமும் சிதறிக் கிடக்கும்.

விளிம்பில் ஏன் கூடுகிறது? புரோட்டான் வேகம் குறையக் குறைய, தான் கடக்கும் ஒவ்வொரு மைக்ரானிலும் கொட்டுகிற ஆற்றல் கூடுகிறது. அதை லீனியர் எனர்ஜி டிரான்ஸ்ஃபர், சுருக்கமாக எல்.இ.டி. என்கிறோம் (விளக்கு அல்ல). 200 எம்.இ.வி. புரோட்டான் (எம்.இ.வி., கே.இ.வி. இரண்டும் ஆற்றல் அலகுகள்; 1 எம்.இ.வி. என்பது 1000 கே.இ.வி.) தண்ணீரில் நுழையும்போது மைக்ரானுக்கு 0.45 கே.இ.வி. விடுகிறது, இன்னும் 26 செ.மீ. போகும். 10 எம்.இ.வி.-க்கு இறங்கும்போது மைக்ரானுக்கு 4.6, மீதிப் பாதை 1.2 மி.மீ. 1 எம்.இ.வி. ஆனதும் மைக்ரானுக்கு 26. மீதிப் பாதை 25 மைக்ரான், அதாவது ஒன்றிரண்டு செல்லின் அகலம். இவ்வளவு ஆற்றல் இவ்வளவு சின்ன இடத்தில் கொட்டும்போது டி.என்.ஏ.-வின் இரண்டு இழைகளும் பக்கத்துப் பக்கத்தில் பல இடங்களில் அறுகின்றன. ஒற்றை அறுப்பைச் செல் ஒட்டிக்கொள்ளும். கொத்தாக அறுந்ததைச் சரியாக ஒட்டத் தெரியாது.

நிஜ பீமில் எல்லாப் புரோட்டானும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அதனால் டோஸை எடையாக வைத்துச் சராசரி எடுத்த எல்.இ.டி.-யைப் பயன்படுத்துகிறோம். கட்டியின் நடுவில் அது 2 முதல் 3 வரை இருக்கும். விளிம்பை நெருங்கும்போது 6, 8 என்று ஏறும். டோஸ் சரியும் பகுதியில் 10-ஐத் தாண்டும். இனி எல்.இ.டி. என்று எழுதும் எண்ணெல்லாம் மைக்ரானுக்கு இத்தனை கே.இ.வி. என்ற இந்தச் சராசரிதான்.

எல்.இ.டி. மட்டும் போதாது. திசு எது என்பதும், ஒரு தடவைக்கு எவ்வளவு டோஸ் என்பதும் சேர வேண்டும். திசுவின் குணத்தை ஆல்பா/பீட்டா விகிதத்தால் குறிக்கிறோம்; ஒரு தடவைக்கான டோஸ் மாறினால் திசு எவ்வளவு மாறி நடந்துகொள்ளும் என்பதைக் காட்டும் எண் அது. தாமதமாகப் பாதிப்பைக் காட்டும் மூளை, தண்டுவடம் போன்றவற்றுக்கு 2 கிரே என்றும், வேகமாகப் பெருகும் கட்டிகளுக்கு 10 கிரே என்றும் வைப்பது வழக்கம். மின்னா வெடன்பெர்க் குழு 2013-இல் வெளியிட்ட கணித மாதிரி (மாடல்) எளிமையானது. கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம்:

ஆர்.பி.இ. = [ √( வி²/4 + (வி + 0.434 × எல்) × டோ + டோ² ) − வி/2 ] ÷ டோ

வி என்பது ஆல்பா/பீட்டா விகிதம், எல் என்பது எல்.இ.டி., டோ என்பது ஒரு தடவைக்கான இயற்பியல் டோஸ். 2 கிரேக்குப் போட்டுப் பாருங்கள். கட்டியின் நடு, விகிதம் 10, எல்.இ.டி. 2.5 என்றால் விடை 1.08. நாம் எழுதிய 1.1-ஐவிடக் கொஞ்சம் குறைவு. மூளைத்தண்டு, விகிதம் 2, எல்.இ.டி. 8 என்றால் விடை 1.50. கட்டிக்கு நாம் நினைத்ததைவிடச் சற்றே குறைவு. காப்பாற்ற வேண்டிய திசுவுக்கு நினைத்ததைவிட மிக அதிகம். இதில் மகிழ்ச்சியடைய ஒன்றுமில்லை.

ஆனால் அந்த 1.50-ஐ அப்படியே நம்பி டோஸைக் குறைக்கக் கிளம்பக்கூடாது. எய்மி மெக்னமாரா குழுவின் 2015 மாதிரியில் அதே எண்களைப் போட்டால் 1.45 வருகிறது. இரண்டும் தட்டில் வளர்த்த செல்கள் எத்தனை பிழைத்தன என்ற கணக்கில் பொருத்தியவை. மூளை அழுகல் என்பது செல் கொத்து பிழைத்ததா செத்ததா என்ற கேள்வி மட்டுமல்ல. ரத்தக்குழாய், மைலின், வீக்கம் எல்லாம் அதில் உண்டு. மேலும் ஆல்பா/பீட்டா 2 என்பதே ஒரு வசதியான ஊகம். ஆகவே இரண்டாம் தசமத்தைப் பிடித்துத் தொங்குவதில் பயனில்லை. இந்த மாதிரிகள் எதற்கு உதவும் என்றால், பிளான் அ-வா, பிளான் ஆ-வா என்று ஒப்பிடுவதற்கு. அந்த வேலையை நன்றாகவே செய்கின்றன, ஏனென்றால் எந்த மாதிரியும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறது: எல்.இ.டி. கூடினால் பாதிப்பு கூடும்.

எபெண்டிமோமா: பீம் நிற்கும் இடம் எப்படித் தவறாகிறது

குழந்தைகளின் மூளையில் பின்பக்கக் குழியில், நான்காவது வெண்ட்ரிகிள் என்ற திரவ அறையில் வரும் எபெண்டிமோமா என்ற கட்டியை எடுத்துக்கொள்வோம். கட்டிக்கு முன்னால் ஒட்டினாற்போல மூளைத்தண்டு. பின்மண்டையிலிருந்து நேராக ஒரு பீம் விடுவது எளிது; சிறுமூளையில் குறைந்த தூரம் போனால் போதும், காதுகளின் கோக்லியா (கேட்கும் உள்ளுறுப்பு) தப்பும், மூளையின் பக்கவாட்டில் உள்ள டெம்போரல் பகுதி தப்பும். டோஸ் படத்தைப் பார்த்தால் அழகாக இருக்கும்.

இப்போது பீம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இலக்கின் முன் விளிம்பு 8 செ.மீ. ஆழத்தில் இருப்பதாக வைப்போம். சி.டி. எண்ணிலிருந்து புரோட்டான் நிறுத்தும் திறனுக்கு மாற்றுவதில் பிழை இருக்கும் என்பதால், ரேஞ்சில் (பீம் போகும் ஆழத்தில்) 3.5 சதவீதமும் அதற்குமேல் 1 முதல் 3 மி.மீ. வரையும் கூடுதல் இடம் விடுவது பல மையங்களின் வழக்கம். 8 செ.மீ.-க்கு 3.5 சதவீதம் 2.8 மி.மீ.; கூட 2 மி.மீ. சேர்த்தால் 4.8. ஆக, திட்டமிட்டே பீமின் விளிம்பை மூளைத்தண்டுக்குள் அரை சென்டிமீட்டர் தள்ளி வைத்திருக்கிறோம். கட்டியைத் தவறவிடக்கூடாது என்று விட்ட இடைவெளி, எல்.இ.டி. மிக அதிகமான பகுதியை மூளைத்தண்டில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது.

கணக்கு போடுவோம். 30 தடவையில் 54 ஆர்.பி.இ. கிரே (1.1-ஆல் பெருக்கிய கிரே), ஒரு தடவைக்கு இயற்பியல் டோஸ் 1.64 கிரே. அந்த இடத்தில் எல்.இ.டி. 2.5-ஆக இருந்தால் வெடன்பெர்க் மாதிரிப்படி ஆர்.பி.இ. 1.19, மொத்தம் 58.6. எல்.இ.டி. 4 என்றால் 1.30; மொத்தம் 64-ஐ ஒட்டி. 6 என்றால் 1.43-க்கு மேல், மொத்தம் 70. மூன்றுக்கும் பிளான் திரையில் தெரிவது அதே 54-தான்.

விளிம்பைப் பற்றி இன்னொன்று. டோஸ் சரியும் பகுதியில் ஆர்.பி.இ. கூடுவதால், உயிரியல் ரீதியாகப் பீம் இயற்பியல் ரேஞ்சைவிட 1 முதல் 3 மி.மீ. கூடுதலாகப் போனதுபோல நடந்துகொள்கிறது. சி.டி. மாற்றப் பிழை முன்னும் பின்னும் போகலாம், பல நோயாளிகளில் ஒன்றையொன்று ஈடுகட்டும். இது அப்படியல்ல, எல்லா நோயாளிக்கும் ஒரே திசையில், முன்னால் மட்டும் போகும். இதை ரேஞ்ச் இடைவெளிக் கணக்கில் ஒரு மில்லிமீட்டராகக்கூடச் சேர்க்காமல் விடுவது, நன்றாக இருக்கும் உறுப்பின் தலையில் கை வைப்பதற்குச் சமம்.

சரிசெய்வது எப்படி? நேர் பின் பீமை முழுக்கக் கைவிட வேண்டியதில்லை. அதன் பங்கைக் குறைத்து, இரண்டு பக்கவாட்டுச் சாய்வு பீம்களைச் சேர்த்து, மூன்றும் வெவ்வேறு இடங்களில் நிற்கும்படி வைக்க வேண்டும். பீம்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது மட்டும் தீர்வல்ல. 20 டிகிரிக்குள் விசிறிபோல மூன்று பீம் வைத்தால், மூன்றும் ஒரே சுவரில்தான் முட்டி நிற்கும். கோணம் நன்றாக விலக வேண்டும். மூளைத்தண்டை ஒட்டிய விளிம்பில், ஒரு பீமின் கடைசி முனைக்குப் பதில் இன்னொரு பீமின் பக்கவாட்டு ஓரம் டோஸை வெட்டும்படி அமைத்தால் எல்.இ.டி. இறங்கும். அதற்கு விலை உண்டு: பக்கவாட்டு ஓரம் கடைசி முனையைப்போல அவ்வளவு கூர்மையாக இருக்காது, கோக்லியாவுக்கும் டெம்போரல் பகுதிக்கும் கொஞ்சம் டோஸ் போகும். அதைக் குழந்தைக்குக் கேட்கும் திறன் எவ்வளவு மிச்சம் என்பதோடு சேர்த்து மருத்துவர் தீர்மானிக்க வேண்டும், மென்பொருள் தீர்மானிக்காது.

இந்தக் கவலை வெறும் காகிதக் கவலை இல்லை. புளோரிடா பல்கலைக்கழகப் புரோட்டான் மையம் 2014-இல் 313 குழந்தைகளைப் பற்றி எழுதியது. மூளைத்தண்டுக்கு 50.4 கிரேக்கு மேல் போன இவர்களில் இரண்டு ஆண்டில் 3.8 சதவீதம் பேருக்கு மூளைத்தண்டு பாதிப்பு, கடுமையானது 2.1 சதவீதம். ஐந்து வயதுக்குக் கீழ், பின்பக்கக் குழிக் கட்டி, மூளைத்தண்டு வாங்கிய டோஸ் ஆகியவை ஆபத்தைக் கூட்டின. எக்ஸ் கதிரிலும் இந்தப் பாதிப்பு உண்டு என்பதை மறக்கக்கூடாது. 2016-இல் எம்.டி. ஆண்டர்சன் மையத்தினர், எபெண்டிமோமாவுக்குச் சிகிச்சை பெற்ற 34 குழந்தைகளின் எம்.ஆர்.ஐ. மாற்றங்களை வோக்சல் வோக்சலாக (படத்தின் சின்னஞ்சிறு கனக் கட்டம் ஒவ்வொன்றாக) ஒப்பிட்டு, டோஸோடு எல்.இ.டி. கூடும் இடத்தில் மாற்றம் தெரியும் வாய்ப்பும் கூடுவதைக் காட்டினார்கள். அதே ஆண்டு மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை, மெடுல்லோபிளாஸ்டோமா என்ற வேறொரு மூளைக்கட்டி வந்த குழந்தைகளில் தேடியபோது எல்.இ.டி.-க்கும் பாதிப்புக்கும் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. சான்று இப்படி இரண்டு பக்கமும் இழுக்கும்போது, மருந்துச்சீட்டு டோஸை மாற்றாமல் பீம் அமைப்பை மட்டும் மாற்றுவது நியாயமான நடுவழி. எல்.இ.டி. பயம் பொய்யென்று பிறகு தெரிந்தாலும் அதில் பெரிய நட்டமில்லை. டோஸைக் குறைத்திருந்தால் கட்டி திரும்ப வந்திருக்கலாம்.

எல்.இ.டி. படத்தை வாங்கும்போது

சில பிளானிங் மென்பொருள்கள் எல்.இ.டி.-யைத் தாமே தருகின்றன. இல்லாவிட்டால் டோபாஸ், ஜியன்ட்4, ஃப்ளூகா போன்ற மான்டி கார்லோ நிரல்களில் (துகள்களின் பாதையை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து கணக்கிடுபவை) பிளானைத் திரும்ப ஓட்டி எடுக்க வேண்டும். எண் வந்துவிட்டது என்று உடனே நம்பிவிடக்கூடாது. இங்கே தடுக்கி விழுவதற்கு நிறைய இடம் இருக்கிறது.

எந்தத் துகள்களைச் சேர்த்தீர்கள்? புரோட்டான் அணுக்கருவில் மோதும்போது ஆல்பா போன்ற கனமான துண்டுகளும் கிளம்பும். அவற்றின் எல்.இ.டி. மிக உயரம். அவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் நுழைவுப் பகுதியிலேயே எண் எகிறும். மேலே சொன்ன மாதிரிகள் புரோட்டான்களின் எல்.இ.டி.-யை வைத்துப் பொருத்தியவை. முதன்மைப் புரோட்டான், இரண்டாம் நிலைப் புரோட்டான் இரண்டும் சேரலாம், கனத் துண்டுகள் சேரக்கூடாது.

அடர்த்தி இன்னொரு பொறி. நுரையீரலின் அடர்த்தி தண்ணீரில் கால் பங்கு. மைக்ரானுக்கு எவ்வளவு என்று நேரடியாகக் கணக்கிட்டால், நுரையீரலில் எல்.இ.டி. காலாகத் தெரியும், எலும்பில் கூடுதலாகத் தெரியும். அடர்த்தியால் வகுத்து, தண்ணீருக்குச் சமமான மதிப்பாக மாற்றிய பிறகுதான் ஒப்பிட வேண்டும். கட்டத்தின் அளவும் முக்கியம். விளிம்பு சில மில்லிமீட்டர்தான் என்பதால் 3 மி.மீ. கட்டம் போட்டால் உச்சி மழுங்கிவிடும். மூளை போன்ற இடத்தில் 2 மி.மீ.-க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. கணினி நேரம் இருந்தால் 1 மி.மீ.

பல பீம்களைக் கூட்டும்போது நேர்ச் சராசரி எடுப்பதும் நடக்கிறது. ஒரு வோக்சலில் முதல் பீம் 1.2 கிரேயை எல்.இ.டி. 2-இல் தருகிறது, இரண்டாவது 0.4 கிரேயை எல்.இ.டி. 8-இல் தருகிறது. சரியான சராசரி (1.2 × 2 + 0.4 × 8) ÷ 1.6 = 3.5. நேர்ச் சராசரி எடுத்தவருக்கு 5 வரும். இல்லாத பூதத்தைக் கண்டு பிளானையே மாற்றிக்கொண்டிருப்பார்.

படம் பார்க்கும் விதம் இதைவிட முக்கியம். எல்.இ.டி. படத்தில் மிகச் சிவப்பாகத் தெரியும் இடம், பெரும்பாலும் டோஸே இல்லாத இடம். பீம் முடிந்த பிறகு மிஞ்சிய ஒன்றிரண்டு புரோட்டான்கள் அங்கே 15, 20 என்று காட்டும். படிந்த டோஸோ 0.1 கிரே. முதல் தடவை பார்க்கிற மருத்துவர் அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் பதறுவார். டோஸ் உச்சத்தில் 5 சதவீதத்துக்குக் கீழே உள்ள வோக்சல்களை முதலில் மறைத்துவிடுங்கள். பிறகு டோஸையும் எல்.இ.டி.-யையும் பெருக்கிய படத்தைப் பாருங்கள். இரண்டும் ஒரே இடத்தில் உயர்ந்திருந்தால்தான் கவலை.

டோஸ் அளக்கும் பக்கத்திலும் 1.1 ஒரு சின்ன வேலை காட்டும். அயனி அறை என்ற டோஸ் அளக்கும் கருவி அளப்பது இயற்பியல் டோஸை. பிளானிலிருந்து ஏற்றுமதியான டோஸ் கோப்பில் 1.1 ஏற்கெனவே பெருக்கப்பட்டிருந்தால், அளவீடு எல்லாப் புள்ளியிலும் 9 சதவீதம் குறைவாக வரும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி 9 சதவீதம் என்றால் மெஷினைத் திறக்காதீர்கள். டைகாம் (மருத்துவப் படங்களுக்கான கோப்பு வடிவம்) கோப்பில் டோஸ் வகை ‘பிசிக்கல்’ என்று இருக்கிறதா, ‘எஃபெக்டிவ்’ என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த வரியையே தப்பாக நிரப்பி அனுப்பும் மென்பொருளும் உண்டு. ஒரு எளிய கனசதுரப் பிளானை அளந்து பார்த்து ஒரு தடவை உறுதிசெய்துகொள்வது எல்லா மையத்துக்கும் நல்லது.

ஸ்பாட்களை நகர்த்துவது

மெல்லிய பீமைப் புள்ளி புள்ளியாக நகர்த்தும் பென்சில் பீம் முறையில் ஒரு பிளானில் ஆயிரக்கணக்கான ஸ்பாட்கள், அதாவது பீம் போய் நிற்கும் புள்ளிகள். ஒரே டோஸ் படத்தைப் பல விதமான ஸ்பாட் எடைகளால் (ஒவ்வொரு ஸ்பாட்டுக்கும் தரும் பங்கு) பெறலாம், ஒவ்வொன்றுக்கும் எல்.இ.டி. படம் வேறு. எல்லாப் பீமையும் சேர்த்து ஒரே நேரத்தில் எடை தேடும் முறையில் இந்தச் சுதந்திரம் மிக அதிகம். கேட்காமல் விட்டால் மென்பொருள் அந்தச் சுதந்திரத்தைத் தன் இஷ்டப்படி பயன்படுத்தி, ஒரு பீமின் கனமான ஸ்பாட்களை உறுப்பின் வாசலிலேயே நிறுத்திவிடும். டோஸ் இலக்குகள் நிறைவேறியதால் அதற்கு அது தப்பாகத் தெரியாது.

வேலை வரிசை இப்படி வைத்தால் குழப்பம் குறைவு. முதலில் டோஸுக்கு மட்டும் பிளான் போட்டு, 3 மி.மீ. நகர்வு, 3.5 சதவீத ரேஞ்ச் பிழை ஆகிய சூழல்களில் இலக்கு தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அது நின்ற பிறகே, மூளைத்தண்டுக்குள் டோஸ் பெருக்கல் எல்.இ.டி.-க்கு ஒரு சிறிய எடையில் தண்டனை விதியைச் சேர்க்க வேண்டும். எடையைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். ஒரேயடியாகக் கூட்டினால் மென்பொருள் விளிம்பு ஸ்பாட்களை அழித்துவிட்டு, மிஞ்சிய சிலவற்றில் எடையைக் குவிக்கும். சாதாரண நிலையில் படம் நன்றாக இருக்கும். நோயாளி 2 மி.மீ. நகர்ந்தால் இலக்கில் ஓட்டை விழும். எல்.இ.டி. விதி சேர்த்த ஒவ்வொரு தடவையும் மோசமான சூழலைத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது கட்டாயம்.

ஒவ்வொரு புரோட்டானும் எங்கேயாவது நின்றுதான் ஆக வேண்டும். மூளைத்தண்டிலிருந்து துரத்திய எல்.இ.டி. எங்கே போனது என்று தேடுங்கள். கட்டிக்குள் போயிருந்தால் லாபம். பார்வை நரம்புச் சந்திப்பிலோ டெம்போரல் பகுதியிலோ போய் உட்கார்ந்திருந்தால், வீட்டுக் குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலில் கொட்டிய கதைதான்.

எளிதாக மறந்துபோகும் விஷயம் ஒன்று. நேரத்தை மிச்சப்படுத்த, ஒற்றைப்படை நாளில் ஒரு பீம், இரட்டைப்படை நாளில் இன்னொரு பீம் என்று கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. மொத்த டோஸ் ஒன்றுதான். ஆனால் ஒரு பீமின் முனையில் இருக்கும் உறுப்பு, அந்தப் பீம் நாளில் இரண்டு நாள் பங்கை ஒரே தடவையில், அதுவும் உயர்ந்த எல்.இ.டி.-யில், இன்னொரு பீமின் கலப்பில்லாமல் வாங்குகிறது. மூளைத்தண்டு போன்ற உறுப்பு முனையில் இருந்தால் எல்லாப் பீமையும் தினமும் கொடுத்துவிடுவதே மேல்.

தடவைக்கான டோஸ் இன்னொரு வகையிலும் விளையாடுகிறது. விகிதம் 2, எல்.இ.டி. 4 உள்ள திசுவில் 5 கிரேக்கு ஆர்.பி.இ. 1.14, 0.5 கிரேக்கு 1.53. டோஸ் குறையக் குறைய ஆர்.பி.இ. கூடும். ஓரத்தில் 0.5 கிரே வாங்கும் திசுவின் 1.53-ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம்; பெருக்கினாலும் 0.77 கிரேதான்.

மற்ற உறுப்புகள், சுருக்கமாக

மார்பகச் சிகிச்சையில் முன்னிருந்து வரும் பீம் விலா எலும்பிலும் நுரையீரலின் முன் ஓரத்திலும்தான் நிற்கும். புரோட்டானுக்குப் பின் விலா எலும்பு முறிவுகள் பதிவாகியிருப்பதற்கு இது ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. இங்கே கோணத்தை மாற்றிப் பெரிய பலன் இல்லை, எந்தக் கோணத்திலும் சுவர் அதே சுவர். விலா எலும்பில் டோஸ் பெருக்கல் எல்.இ.டி.-க்கு வரம்பு போடுவதே வழி.

பிராஸ்டேட்டுக்கு இரண்டு பக்கமும் இடுப்பு வழியாகப் பீம் விடுவது வழக்கமானதில் ஒரு நன்மை, முனை மலக்குடலின் மேல் விழுவதில்லை. முன்னிருந்து விட்டால் விழும்.

தண்டுவடம் முழுவதற்கும் கதிர் கொடுக்கும்போது, வளரும் குழந்தைக்கு முதுகெலும்பு கோணாமல் இருக்க முள்ளெலும்பு முழுவதையும் உள்ளே எடுப்பார்கள். அப்போது முனை முள்ளெலும்புக்கு முன்னால், உணவுக்குழாயை ஒட்டி நிற்கும். வளர்ச்சி முடிந்தவர்களுக்கு எலும்புக்குள்ளேயே நிறுத்தலாம்.

மூக்கு, சைனஸ் வழியே போகும் பீம்களில் உயிரியலுக்கு முன் உடற்கூறே காலைவாரும். சிகிச்சைக்கு நடுவில் சைனஸில் 1 செ.மீ. அளவுக்குச் சளி நிரம்பினால் பீம் 1 செ.மீ. முன்னதாகவே நிற்கும், பிளானில் சளி இருந்து பிறகு வடிந்தால் 1 செ.மீ. தாண்டிப் போகும். கவனமாக வரைந்த எல்.இ.டி. படம் அன்றோடு செல்லாக்காசு. இப்படிப்பட்ட பாதையில் பீம் வைத்தால், சிகிச்சை நடக்கும்போதே இடையிடையே சி.டி. எடுத்துத் திரும்பக் கணக்கிடுவதைத் தவிர்க்க முடியாது. முடிந்தால் அந்தப் பாதையையே தவிர்ப்பது இன்னும் நல்லது.

கார்பன் அயனிக் கதிர்ச் சிகிச்சையில் இந்த விவாதமே இல்லை. அங்கே மாறும் ஆர்.பி.இ. முதல் நாளிலிருந்து உண்டு. ஜப்பானின் சிபாவில் 1994-இல் தொடங்கியபோதே ஒரு மாதிரி, ஜெர்மனியில் வேறொரு மாதிரி. விளைவு, இரண்டு நாட்டின் கார்பன் ‘ஆர்.பி.இ. கிரே’ ஒன்றுக்கொன்று சமமல்ல. ஒரு நாட்டின் வரம்பை இன்னொரு நாட்டில் அப்படியே எடுத்தால் தப்பாகும். புரோட்டான்காரர்கள் மையத்துக்கொரு மாதிரி என்று போக அவசரப்படாததற்கு இதுவும் ஒரு நல்ல காரணம்.

பதிவும் பின்தொடர்தலும்

சென்னை தரமணியில் 2019 முதலும், நவி மும்பையில் டாட்டா நினைவு மையத்தின் வளாகத்தில் 2023 முதலும் புரோட்டான் சிகிச்சை நடக்கிறது. நோயாளிகள் பல ஊர்களிலிருந்து வந்து, முடித்துவிட்டுச் சொந்த ஊர் திரும்புகிறார்கள், அடுத்த எம்.ஆர்.ஐ. அங்கேதான் நடக்கும். அங்கே படம் பார்ப்பவருக்குப் பீம் எங்கே நின்றது என்று தெரியாது.

அது தெரியாததால் வரும் சிக்கல் பெரியது. சிகிச்சை முடிந்து சில மாதங்களில் எம்.ஆர்.ஐ.-யில் புதிதாக ஒரு வெள்ளைத் திட்டு தெரியலாம். கட்டி திரும்பிவிட்டதா, கதிரின் விளைவா என்ற கேள்வி எழும். அந்தத் திட்டு பீம் முனைகள் குவிந்த இடத்தில் சரியாக உட்கார்ந்திருந்தால், கதிர் விளைவாக இருக்கும் வாய்ப்பைத் தீவிரமாக எடுத்துக்கொண்டு, பெர்ஃப்யூஷன் (ரத்த ஓட்டம் காட்டும்) படமும் சில வாரங்களில் மறு எம்.ஆர்.ஐ.-யும் எடுத்துப் பார்க்கலாம். அறிகுறி இருந்தால் ஸ்டீராய்டு, அதற்கும் அடங்காவிட்டால் பெவசிசுமாப் மருந்து என்று போகும் வழிகள் உண்டு. இடம் தெரியாமல் நேராக அறுவைக்கோ மறுபடி கதிருக்கோ போவது குழந்தைக்குக் கெடுதல்.

ஆகவே சிகிச்சைச் சுருக்கத்தில் ‘54 கிரே, 30 தடவை’ என்று மட்டும் எழுதி முடிக்கக்கூடாது. அது ஆர்.பி.இ. கிரே, பெருக்கிய எண் 1.1, இயற்பியல் டோஸ் 49.1 என்று எழுத வேண்டும். பழைய கோப்புகளில் சி.ஜி.இ., ஜி.ஒய்.இ. என்றெல்லாம் இருக்கும்; அதே பொருள்தான். பீம் கோணங்கள், முக்கிய உறுப்பில் டோஸ் உயர்ந்த பகுதியின் எல்.இ.டி., எந்தத் துகள்களைச் சேர்த்துக் கணக்கிட்டது என்பதையும் சேர்க்க வேண்டும். பெற்றோர் கேட்டு வாங்க வேண்டியது அச்சிட்ட படத்தை அல்ல; சி.டி., வரைகோடுகள் (கட்டி, உறுப்புகளின் எல்லை), பிளான், டோஸ் ஆகிய நான்கு டைகாம் கோப்புகளையும், எல்.இ.டி. கணக்கிட்டிருந்தால் அதையும் ஒரு பென்டிரைவில். பின்னொரு நாள் வேறு மருத்துவமனையில் எக்ஸ் கதிர் கொடுக்க நேர்ந்தால், பழைய டோஸோடு கூட்டும்போது 1.1 உள்ளே இருக்கிறதா இல்லையா என்று அந்தக் கோப்பைத் திறப்பவர் கேட்க ஆளில்லாமல் தவிக்கக்கூடாது. சுருக்கத்தின் முதல் வரியிலேயே அது இருக்கட்டும்.